விழுப்புரம் எண்ணியது, திண்டிவனம் எழுந்தது

எண்பதுகளின் முதல் பாதியில் நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. காலை பத்து மணியானால், மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலையின் மண்டிக்காரர்கள் விழுப்புரத்து விலை கேட்கத் துடித்துக்கொண்டிருப்பார்கள். நான் விழுப்புரம் லைனைப் பிடித்து, அங்கே இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரிடம் நம்பரைச் சொல்வேன். அவர் அந்த முனையில் இணைப்பார், நான் இந்த முனையில் இணைப்பேன். "லைன் ரெடி, பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வேன்.

ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டோம். பகல் ஷிப்டில் விழுப்புரத்திலிருந்து எப்போதும் ஒரே பெண்குரல்தான் வரும். கொஞ்சம் கரகரப்பான, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற குரல். அவருக்கு நான் திண்டிவனம். எனக்கு அவர் விழுப்புரம். என்னைவிடப் பதினைந்து, இருபது வயதாவது மூத்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்ததால் 'விழுப்புரம் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். நான்கு வருடம் தினமும் பேசியும் முகம் பார்த்ததில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான்.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு, அதன் பிறகு வந்த சளி நெஞ்சில் தங்கிவிட்டது. இடது நுரையீரலின் கீழ்ப்பக்கம் கெட்டுப்போய்விட்டது என்று பிற்பாடு படம் எடுத்துச் சொன்னார்கள். தினமும் காலையில் கட்டிலின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டு, கவிழ்ந்து படுத்து, சளியைக் கொட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். மழைக்காலம் வந்தால் காய்ச்சல் நிச்சயம். அதை ஒரு வியாதி என்றே நான் நினைக்கவில்லை. என் உடம்பு வாகு அது என்று பழகிவிட்டிருந்தேன்.

முப்பதாவது வயதில், ஒரு மண்டிக்காரருக்கு லைன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இருமினேன். கையில் வைத்திருந்த கைக்குட்டை சிவந்தது. கொஞ்சம் அல்ல, நிறையவே. அந்த நேரத்திலும் "லைன் ரெடி, பேசுங்க" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் ஹெட்செட்டைக் கழற்றினேன் என்று பக்கத்துப் பலகைக்காரி பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். மறுநாளே லீவு போட்டு என்னை மெட்ராசுக்கு அழைத்துப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட வேண்டும், மீதி நன்றாக இருக்கிறது என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. பிறகு அவர் எழுந்து, "வாம்மா, கொஞ்சம் மாடி ஏறலாம்" என்றார்.

அவர் முன்னால் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். முதல் மாடிக்குப் பாதி வழியில், படி திரும்பும் இடத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே தொடை இரண்டும் நடுங்கிச் சோர்ந்துபோயிருந்தன. டாக்டர் அதைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பாக்கறே?"

"டெலிபோன் ஆபரேட்டர்ங்க."

"உக்காந்தே பாக்கற வேலை. வீட்டுல?"

என் கணவர் முந்திக்கொண்டார். "வீட்டுல நான் ஒண்ணும் செய்ய வுடறதில்ல டாக்டர். தண்ணிகூட நான்தான் தூக்கறேன். மாடி போர்ஷன்ல இருந்தோம், இவளுக்காகவே கீழ மாறிட்டோம்."

பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"அதான் தெரியுது. நல்ல மனுஷன் நீங்க. ஆனா இந்தம்மா கால்ல சதையே இல்லாம பண்ணி வெச்சிருக்கீங்க."

பிறகு என்னிடம் திரும்பி விளக்கினார். ஆபரேஷன் முடிந்த பின் படுத்தே கிடந்தால் மிச்சமிருக்கும் நுரையீரலில் சளி கட்டும். எழுந்து உட்கார வேண்டும், நிற்க வேண்டும், நடக்க வேண்டும். கையை ஊன்ற முடியாது, விலாவில் தையல் இருக்கும். கால்தான் தூக்க வேண்டும். பலமுள்ள கால் அதே வேலையைக் குறைந்த மூச்சில் செய்துவிடும்.

"பெட் கெடைக்க ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் சும்மா உக்காந்திராதே. அடுத்த தடவ வரும்போது ரெண்டு மாடி நிக்காம ஏறணும். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவேன். நுரையீரல நான் பாத்துக்கறேன். கால நீ பாத்துக்க."

இப்போதெல்லாம் நுரையீரலையே மாற்றி வைக்கிறார்கள். அதற்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கும் முதலில் காலுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சமீபத்தில் ஒரு நர்ஸ் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் அன்றைக்கு மெட்ராசிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நெஞ்சில் நோயோடு போனவளிடம் காலைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டாரே என்று. மேல்மருவத்தூர் தாண்டிய பிறகு என் கணவர், "நாந்தான் கெடுத்துட்டனா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அது தப்பு. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

விழுப்புரத்தில் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனோம். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அடிபட்டவர்களின் காலையும் தோளையும் பார்த்துப் பழகியவள். நெஞ்சு நோயாளி அவளுக்கும் புதுசு. அதை அவள் மறைக்கவில்லை.

"மேடம், நானும் புத்தகத்தைப் பாத்துதான் சொல்லித் தரப் போறேன். நீங்க பண்ணிட்டு எப்டி இருக்குன்னு சொல்லுங்க. ரெண்டு பேருமா கத்துக்கலாம்" என்றாள்.

நான்கு விஷயம் சொல்லிக் கொடுத்தாள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, காலின் பலத்தில் மட்டுமே எழுந்து உட்கார வேண்டும். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்க வேண்டும். கணுக்காலில் மணல் பை கட்டி, உட்கார்ந்தபடியே காலை நீட்டிப் பிடித்து இறக்க வேண்டும். ஒரே ஒரு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். கஷ்டமான பக்கம் வரும்போது உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட வேண்டும். சூடான காபியை ஊதுவது போல, அவசரமில்லாமல்.

"எப்ப நிறுத்தணும்னு எப்டிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"பண்ணும்போது நீங்க பேச முடியணும். பாட முடியக்கூடாது. ஒரு வாக்கியம் முழுசா சொல்ல முடியலன்னா உக்காந்துடுங்க."

முதல் நாள் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தேன். ஆறாவது முறை பின்பக்கம் நாற்காலியை விட்டு நகரவே இல்லை.

மணல் பை தைக்கும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். பழைய காக்கித் துணியில் கையாலேயே தைத்து, ஏரிக்கரை மணலைச் சலித்து நிரப்பினார். இரண்டு நாளில் வீடு முழுக்க மணல். பிறகு சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் வாங்கி வந்து, துண்டு போட்டு, மணலை அடைத்து, இரண்டு முனையையும் கம்பியால் இறுக்கினார். அரை கிலோவில் ஆரம்பம். மளிகைக் கடைத் தராசில் அதை வைத்து எடை பார்க்கச் சொன்னபோது கடைக்காரர், "இன்னா சார், பாம்பு புடிச்சிக்கினு வந்திருக்கீங்க?" என்றாராம்.

ஆனால் பை தைத்துக் கொடுத்த அதே மனிதரால் நான் கால் நடுங்க எழுவதைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது முறையிலேயே அவர் கை என் முழங்கைக்கடியில் வந்துவிடும். "போதும்மா, உக்காரு. நாளைக்குப் பாத்துக்கலாம்." நானும் உட்கார்ந்துவிடுவேன். அப்படி உட்காருவது எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பிசியோதெரபிப் பெண் எண்ணிப் பார்த்தபோது ஐந்து ஏழாகியிருந்தது. அவ்வளவுதான்.

வீட்டில் நடக்காது என்று தெரிந்ததும் ஆபீசில் செய்யலாம் என்று முடிவு செய்தேன். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை லைன் ஓய்ந்திருக்கும். பலகை முன்னால் இருந்த உயர நாற்காலியைத் தள்ளிவிட்டு, வருகிறவர்களுக்குப் போட்டிருந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஹெட்செட் ஒயர் நின்றால் எட்டுமளவு நீளம் இருந்தது. ஒரு நாள் பாதியில் விழுப்புரம் லைன் வந்தது.

"இன்னாடி திண்டிவனம், இப்டி இரைக்குது? ஓடிக்கினு வந்தியா?"

அதுவரை என் வியாதியைப் பற்றி அவரிடம் சொன்னதில்லை. சளி என்று மட்டும் சொல்லியிருந்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இரத்தம், மெட்ராஸ், மாடிப்படி, பிசியோதெரபிப் பெண் சொன்னது, மணல் பை, வீட்டில் என் கணவர் முழங்கையைப் பிடிப்பது வரை. ஊம் கொட்டாமல் கேட்டார். பிறகு, "எவ்ளோ எழுந்துக்கணும்?" என்றார்.

"பதினைஞ்சு, பதினைஞ்சா மூணு தடவை. இப்ப ஏழு."

"சரி, உக்காரு. நான் எண்றேன், நீ எழுந்துக்க. நானும் கூடப் பண்றேன். எனக்கும் முட்டி மக்கர் பண்ணிக்கினுதான் இருக்கு."

"வேணாங்க்கா, உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

"ஒண்ணு" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

அன்று ஒன்பது எழுந்தேன். ஏழுக்குமேல் முடியவில்லை என்று சொன்னபோது, "நீ இப்ப முழுசா ஒரு வாக்கியம் பேசினியே. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு? பேச முடிஞ்சா நிறுத்தாதேன்னுதான சொல்லிச்சு? எட்டு" என்றார். அந்த முனையிலிருந்து அவருடைய நாற்காலி கிறீச்சிடும் சத்தமும் கேட்டது. எனக்காக ஒருத்தி அங்கே உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறாள் என்றால் நான் எப்படி நிறுத்துவது?

அதன் பிறகு அந்த மத்தியானங்களுக்காகவே வேலைக்குப் போனேன் என்று சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும். மின்விசிறி கடகடக்கும். டப்பாவில் அவித்த மல்லாட்டை இருக்கும், உடம்பு தேற வேண்டுமென்று பிசியோதெரபிப் பெண் சொன்னது. பலகையில் ஒவ்வொரு ஊர் லைனுக்கும் இருக்கும் சின்னத் தகட்டுக் கண் எல்லாம் மூடிக் கிடக்க, விழுப்புரத்தின் கண் மட்டும் திறக்கும். ஆவணியில் பன்னிரண்டு. புரட்டாசியில் பதினைந்து. எண்ணிக்கைக்கு நடுவே அவர் வீட்டுக் கதை எல்லாம் வரும். "பதினொண்ணு. நேத்து ரசத்துல உப்பு போட மறந்துட்டேன், யாரும் கண்டுபுடிக்கல. பன்னெண்டு."

ஒரு நாள் எங்கள் சூப்பர்வைசர் லைனில் காது வைத்துவிட்டார். "டிரங்க் லைன்ல இன்னா எண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்? ஸ்கூலா இது? மெமோ குடுத்துடுவேன்" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். உடம்புக்கு முடியாவிட்டால் லீவு போடச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல, விதி என்றால் விதி என்பவர். லைனில் பேசக்கூடாது என்பதில் அவர் பக்கம் நியாயமும் இருந்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு விழுப்புரம் லைன் திறந்தது. பேச்சு இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம். ஹெட்செட்டின் வாய்க்குழலில் பென்சிலால் தட்டுகிறார். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. எழுந்தேன். 'டக்.' எழுந்தேன். சூப்பர்வைசர் காதில் வைத்தாலும் ஏதோ லைன் கோளாறு என்றுதான் நினைத்திருப்பார். அப்படியே ஒரு மாதத்துக்குமேல் ஓடியது. சிரிப்பை அடக்குவதுதான் பயிற்சியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசி மழை எல்லாவற்றையும் கெடுத்தது. வழக்கமான காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் படுக்கை. ஊசி, மாத்திரை, கேப்பைக் கூழ். எழுந்து நின்ற அன்று மறுபடி தொடை நடுங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து எழப் பார்த்தேன். மூன்று. அதற்குமேல் முடியவில்லை. மூன்று மாத உழைப்பு இரண்டு வாரத்தில் போய்விட்டதே என்று தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் சொல்லப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். போதும்மா, விட்டுடு என்பார்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "மறுபடி மூணுல இருந்து ஆரம்பிக்கலாம். நான் தொட மாட்டேன்" என்றார்.

"உன்னால பாத்துக்கினு இருக்க முடியாதுய்யா" என்றேன். கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது.

"பாக்காம எண்றேன்."

சொன்னபடியே செய்தார். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு எண்ணினார். நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் அவர் முதுகு விறைப்பதைப் பார்த்தேன். திரும்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாலை ஐந்தரைக்கு இது தினமும் நடந்தது. மத்தியானம் விழுப்புரம், மாலையில் என் கணவரின் முதுகு. பிறகு வீட்டுக்கு வெளிப்புறம் இருந்த மாடிப்படியில் பழக ஆரம்பித்தேன். நாங்கள் முன்பு குடியிருந்த மாடி போர்ஷனில் புதிதாக வந்திருந்தவர்கள், காலடிச் சத்தம் கேட்டு ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து பார்ப்பார்கள். பத்து நாளில் சலித்துப்போய், நான் மேலே வந்து சேரும் நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குடத்தை நானே தூக்கத் தொடங்கியதும் அந்த மார்கழியில்தான். என் கணவர் அந்த நேரத்தில் வீட்டுக்குள் போய்விடுவார்.

தையில் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மலைக்கோயில் இருக்கும் பனமலைக்கு வரச் சொன்னார் விழுப்புரம் அக்கா. "ஆஸ்பத்திரி மாடியில ஏறறதுக்கு முன்னாடி ஒரு மலை ஏறிடு. சின்ன மலைதான். நான் கீழ இருப்பேன். பச்சைப் புடவை."

நானும் கணவரும் விழுப்புரம் போய், டவுன் பஸ் மாறி, கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். ஏரி நிரம்பியிருந்தது. மலையடியில் புளியமர நிழலில் ஒரு கல்லின்மேல் பச்சைப் புடவை உட்கார்ந்திருந்தது. குரலை வைத்து நான் ஓங்குதாங்கான பெண்மணியைக் கற்பனை செய்திருந்தேன். என் தோளுயரம்கூட இல்லாத, ஒல்லியான, முன்முடி நரைத்த ஒரு பெண். எழுந்திருக்காமலேயே கையை நீட்டினார்.

"திண்டிவனமா?"

"விழுப்புரமா?"

அவர் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். தினமும் பேசியவர்களுக்கு நேரில் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. வாங்க, நீங்களும் ஏறலாம் என்று நான் கூப்பிட்டபோது புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"எங்கடி ஏர்றது? பஸ்ல இருந்து எறங்கறதே பெரும்பாடு."

"அப்ப தினமும் எங்கூட உக்காந்து எழுந்தீங்களே?"

"நான் எங்க எழுந்தேன்? நாற்காலியப் புடிச்சி ஆட்டிக்கினு இருந்தேன். சத்தம் வந்துச்சா இல்லியா?"

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. என் கணவர்தான் அதிகம் சிரித்தார். அவரை அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நான் ஏறினேன். பாறையில் வெட்டிய படிகள், சில இடத்தில் உயரம் அதிகம். என் கணவர் இரண்டு படி பின்னால், கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கையைத் தொடவில்லை. உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் ஊன்றி, அவசரப்படாமல் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. ஆனால் தொடை நடுங்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. மூச்சு குறைவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என் காலால் ஏற முடிகிறது.

மேலே கோயில் வாசலில் காற்று அடித்தது. கீழே ஏரியும், அறுப்புக்கு நின்ற நெல்லும், தோகையோடு நின்ற கரும்பும் தெரிந்தன. சாமி கும்பிடுவதற்கு முன்னால் நான் பாறை ஓரத்துக்குப் போய், பலகை முன்னால் உட்கார்ந்து கூப்பிடுகிற அதே குரலில், முழு மூச்சையும் சேர்த்துக் கத்தினேன்.

"விழுப்புரம்!"

பச்சைப் புடவை எழுந்து நின்றது. "சொல்லு திண்டிவனம்!"

சொல்ல ஒன்றும் இல்லை. கையை மட்டும் ஆட்டினேன். பின்னால் திரும்பினால் என் கணவர் தூணில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். அழுகிறார் என்று தெரிந்தது. "உள்ள போலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

மாசியில் பெட் கிடைத்துவிட்டதென்று மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது, போனோம். டாக்டர் என்னை மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. "வாம்மா, ஏறலாம்" என்றார். இந்த முறை அவருக்கு இணையாக ஏறினேன். முதல் மாடி தாண்டியதும், "என்ன வேலை பாக்கறேன்னு சொன்னே?" என்று கேட்டார். நிற்காமல் பதில் சொன்னேன். "திண்டிவனத்துல டெலிபோன் ஆபரேட்டர்ங்க, பகல் ஷிப்டு." இரண்டாம் மாடியில் அவர் என் தொடையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "பெட்டுல போய்ப் படு. நாளன்னிக்கு வெச்சுக்கலாம்."

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது இடது விலாவில் நெருப்பை வைத்துக் கட்டியது போல இருந்தது. பக்கத்தில், நெஞ்சிலிருந்து நீர் வடிய வைத்த குழாயும் பாட்டிலும். இரண்டாம் நாள் நர்ஸ் வந்து எழுந்து நிற்கச் சொன்னாள். கையை ஊன்றப் போனேன், வலியில் கண் இருட்டியது. கையை எடுத்துவிட்டு, குனிந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து ஊன்றினேன். உதட்டைக் குவித்து மூச்சை விட்டேன். தொடை என்னைத் தூக்கியது. வேறு யாரோ என்னைத் தூக்கி நிறுத்தியது போல அவ்வளவு நிதானமாக. நர்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடி, "எங்க பழகினீங்க?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல" என்றேன். அவள் நம்பவில்லை.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்திரை முடிவதற்குள் வேலைக்குத் திரும்பினேன். காலையில் தலையைத் தொங்கப் போட்டுச் சளி கொட்டும் வேலை நின்றுவிட்டது. கட்டிலை விட்டு எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நாள் திகைத்தேன். அடுத்த மழைக்காலம் காய்ச்சல் இல்லாமல் போனது. பிசியோதெரபிப் பெண்ணைப் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்தப் பயிற்சி எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னாள். காணை என்கிற ஊர்ப் பக்கம் கல்லுடைக்கிற ஒருவர் நெஞ்சு நோயோடு வந்திருக்கிறாராம், அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். நான் நான்கு பக்கம் எழுதினேன். கூடவே யாராவது எண்ண வேண்டும் என்பதையும் எழுதினேன்.

சில வருடங்களில் தானாக இணைக்கும் இயந்திரம் வந்தது. ஜனங்கள் தாங்களே நம்பரைச் சுழற்றி வெளியூருக்குப் பேசிக்கொண்டார்கள். பலகைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். என்னையும் இன்னும் சிலரையும் வேறு வேலைக்கு மாற்றி, விழுப்புரத்தில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கடைசி நாள் மாலை விழுப்புரம் அக்கா என்னை ரயிலேற்றிவிட வந்தார். அவரும் அப்போது ஓய்வு பெறும் சமயம். மகள் வீட்டோடு பெங்களூர் போகப் போவதாகச் சொன்னார். அங்கே குளிரில் முட்டி என்ன பாடு படுத்துமோ என்றார்.

விழுப்புரம் ஸ்டேஷன் பிளாட்பாரம் நீளமானது. மகளின் வீட்டைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டு வர, நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் குரல் கேட்டுத் திரும்பினால், அவர் பத்தடி தள்ளி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அடியே, மெதுவா நடடி. வண்டிக்கு இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. இன்னா ஜல்தி உனுக்கு?"

திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேகத்துக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தின் கடைசி வரை போய்த் திரும்பினோம். நடுவில் இரண்டு முறை நின்று அவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.